வீடியோவில் தவறுவது கடிகாரமா, ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கைபேசியிலும் கேமராவிலும் எடுத்த பொங்கல் வீடியோக்கள் கணினியில் வரிசை மாறி நிற்கின்றனவே, என்ன செய்வது என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஃபைலின் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன என்று பதில் வந்திருந்தது. அந்த வழி இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். இன்னொரு கணினிக்கு நகலெடுத்தாலோ கிளவுடில் ஏற்றி இறக்கினாலோ பழைய குழப்பம் அப்படியே திரும்பி வரும். வீடியோ தொகுப்பதே எங்களுக்குத் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

ஒரு வீடியோவின் நேரம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. விண்டோஸோ ஆண்ட்ராய்டோ வெளியிலிருந்து வைக்கும் ஃபைல் தேதி ஒன்று. தபால் உறைமேல் குத்திய முத்திரை மாதிரிதான் அது. கை மாறினால் முத்திரையும் மாறும். கடிதத்தின் தலையில் எழுதிய தேதி ஃபைலுக்கு உள்ளே இருக்கிறது. எம்பி4, எம்ஓவி வகை ஃபைல்களில் முழு வீடியோவுக்கும் உருவான நேரம், மாற்றிய நேரம் என்று இரண்டு இடங்கள் உண்டு. அதுபோக ஒவ்வொரு டிராக்குக்கும் நான்கு இடங்கள். படம் ஒன்று, ஒலி ஒன்று என இரண்டு டிராக் இருந்தால் ஆக மொத்தம் பத்து. ஒன்றைத் திருத்தி ஒன்பதை விட்டால், எந்த மென்பொருள் எதைப் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பத்து இடங்களிலும் தேதி தேதியாக இருக்காது, ஒரு நீண்ட எண்ணாக இருக்கும். 1904 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி கடந்தது என்ற கணக்கு அது. விதிப்படி அது யூடிசி நேரம், அதாவது பழைய பேச்சில் கிரீன்விச் நேரம். நம் இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நொடியில் சொன்னால் 19,800.

2024 ஜனவரி 15, தைப்பொங்கல் அன்று காலை 6 மணி 42 நிமிடம் 10 நொடிக்குப் பானை பொங்குகிறது. ஒரே சமயத்தில் கைபேசியும் கேமராவும் அதைப் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைபேசி ஒழுங்காக 19,800 நொடியைக் கழித்து, யூடிசி அதிகாலை 1.12.10 என்று கணக்கிட்டு, 3,788,125,930 என்று எழுதும். கேமராக்கள் பலவற்றுக்கு யூடிசி கணக்கே கிடையாது. தன் திரையில் தெரியும் 6.42.10 ஐ அப்படியே யூடிசி போல எடுத்துக்கொண்டு 3,788,145,730 என்று எழுதிவிடும். கணினி இரண்டையும் யூடிசி என்றே நம்பி ஐந்தரை மணியைக் கூட்டும். கைபேசி வீடியோ காலை 6.42க்கும் கேமரா வீடியோ பகல் 12.12க்கும் போய் உட்காரும். கல்யாண வீட்டில் இதே கதை நடந்தால் தாலி கட்டுவதற்கு முன்பே முதல் பந்தி முடிந்திருக்கும்.

அதே கேமராவில் எடுத்த புகைப்படங்கள் மட்டும் சரியான இடத்தில் நிற்கின்றனவே என்று பலர் குழம்புவார்கள். புகைப்படத்துக்குள் நேரம் முதலிய குறிப்புகளை எழுதும் எக்ஸிஃப் விதி வேறு. அங்கே உள்ளூர் நேரத்தை உள்ளூர் நேரமாகவே எழுதுவார்கள். எந்த ஊர் நேரம் என்று குறிக்கத் தனி இடம் வந்ததே 2016இல் வெளியான எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான். புகைப்படத்துக்குப் பழகிய கை வீடியோவிலும் அப்படியே எழுதியதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால் கடிகாரத்தில் குறையில்லை; உள்ளூர் நேரம் யூடிசி இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அல்லது யூடிசியை யாரோ மாற்றாமல் காட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வகையில் வேடிக்கையாக ஒன்று நடக்கும்: விடிகாலை ஐந்தரைக்கு முன் எடுத்தவை எல்லாம் முந்தின நாள் தேதிக்குப் போய்விடும். மார்கழி பஜனை வீடியோக்கள் இப்படித்தான் ஒரு நாள் பின்னால் கிடக்கும். இரண்டரை மணி முன்னால் நின்றால் கேமரா சிங்கப்பூர், மலேசியா அல்லது சீன நேரத்தில் இருக்கிறது. இரண்டரை மணி பின்னால் நின்றால் குவைத், சவுதி, கத்தார் நேரம். ஒன்றரை மணி பின்னால் என்றால் துபாய். மூன்றரை மணி முன்னால் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த ஜப்பான் நேரத்தை யாரும் மாற்றவே இல்லை. எட்டு மணி வித்தியாசம் வந்தால் திகைக்க வேண்டாம்: கடிகாரம் சிங்கப்பூரில் இருக்கிறது, அதோடு யூடிசி குழப்பமும் சேர்ந்திருக்கிறது, இரண்டரையும் ஐந்தரையும் எட்டு. சரியாகப் பன்னிரண்டு மணி என்றால் காலை, மாலை மாற்றி வைத்திருக்கிறார்கள். லண்டன், டொரன்டோ உறவினர்கள் அனுப்பியவற்றில் ஒரு மணி நேரம் மட்டும் இடித்தால் கோடைகால நேர மாற்றத்தைக் கேமராவில் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். மூன்று நிமிடம், ஏழு நிமிடம் என்று ஒழுங்கில்லாத வித்தியாசம் வந்தால் மட்டுமே அது உண்மையான கடிகாரப் பிழை.

இலங்கையிலிருந்து வந்த பழைய டேப்களைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை கொழும்பின் அதிகாரபூர்வ நேரம் நம்முடையதாக இல்லை. அந்த வருடங்களில் பெரும்பாலும் யூடிசிக்கு ஆறு மணி முன்னால் ஓடியது. அந்தக் காலத்து வீடியோவில் அரை மணி கூடுதலாகத் தெரிந்தால் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள்.

வருடமே தவறி நிற்கும் வகை தனி. 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டினால் எங்கோ ஒரு கணக்கு பூஜ்யமாகிவிட்டது என்று பொருள், யுனிக்ஸ் கணினிகள் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். 1980 ஜனவரி 1 என்றால் மெமரி கார்டின் கணக்கு, கேமராவின் உள் பேட்டரி செத்திருக்கலாம். 1904 என்று காட்டினால் மேலே சொன்ன பத்து இடங்களையும் மென்பொருள் காலியாக விட்டுவிட்டது. இந்த 1904 தேதியைச் சில லினக்ஸ் கணினிகள் காலை 5.30 என்று காட்டாமல் 5.21.10 என்று காட்டும். அது மென்பொருள் பிழையில்லை. இன்றைய இந்திய நேரம் 1906 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் கணக்கில் இருந்தது மெட்ராஸ் நேரம். கணினி அதை ஞாபகம் வைத்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

இனித் திருத்தம். எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள். கட்டளை எழுதித்தான் இயக்க வேண்டும். அதற்கு ஜன்னல் முகப்பு போட்ட வடிவங்களும் கிடைக்கின்றன. முதல் வேலை, ஃபைலில் உள்ள எல்லா நேரங்களையும் குழுப் பெயரோடு பட்டியலிட்டுப் பார்ப்பது. கிரியேட் டேட், மாடிஃபை டேட், டிராக் கிரியேட் டேட், டிராக் மாடிஃபை டேட், மீடியா கிரியேட் டேட், மீடியா மாடிஃபை டேட் என்று ஆறு பெயர்கள் தெரியும். ஐஃபோன் எடுத்ததாக இருந்தால் கிரியேஷன் டேட் என்று ஏழாவதும் இருக்கும், அதில் மட்டும் உள்ளூர் நேரமும் பக்கத்தில் +05:30 என்ற ஊர்க்குறியும் சேர்ந்தே இருக்கும். சோனி கேமராக்களில் பல, வீடியோவுக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே பெயரில் எக்ஸ்எம்எல் என்ற ஒரு சிறு குறிப்பு ஃபைலைப் போட்டு, அதில் ஊர்க்குறியோடு நேரத்தை எழுதி வைக்கும். கார்டிலிருந்து நகலெடுக்கும்போது "இது என்ன குப்பை" என்று அதை அழித்துவிடுகிறவர்கள் அதிகம். அழிக்காதீர்கள், தகராறு வரும்போது அதுதான் சாட்சி.

கேமரா உள்ளூர் நேரத்தை யூடிசி இடத்தில் எழுதியிருந்தால் 5.30 ஐக் கழிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இந்தியா முன்னால் இருக்கிறது, ஆகவே கூட்ட வேண்டும் என்று கை தானாகப் போகும். கூட்டினால் வித்தியாசம் பதினொரு மணியாகிவிடும். கணினி எப்படியும் 5.30 கூட்டித்தான் காட்டப்போகிறது, அதற்கு ஈடாக நாம் முன்கூட்டியே கழிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எக்ஸிஃப்டூலில் ஆல் டேட்ஸ் என்று ஒரு சுருக்கக் கட்டளை உண்டு. பெயரை நம்பி அதைப் போட்டால் வீடியோவில் மேலே சொன்ன ஆறில் கிரியேட் டேட், மாடிஃபை டேட் இரண்டு மட்டுமே மாறும். டிராக், மீடியா நேரங்கள் நான்கும் பழையபடியே கிடக்கும். புகைப்படத்துக்காக வைத்த சுருக்கம் அது. வீடியோவுக்கு ஆறு பெயர்களையும், முன்னால் க்விக்டைம் என்ற குழுப் பெயரோடு, தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும். டிராக் பெயரைக் கொடுத்தால் படம், ஒலி இரண்டு டிராக்குகளிலும் சேர்ந்தே மாறிவிடும், எனவே பத்து இடமும் தீரும். இன்னொரு பொறி: க்விக்டைம் யூடிசி என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் மென்பொருள் நாம் கொடுக்கும் நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டு தானே யூடிசியாக்கி எழுதும். போடாவிட்டால் கொடுத்ததை அப்படியே எழுதும். படிக்கும்போது போட்டு, எழுதும்போது மறந்தால் மறுபடி அதே ஐந்தரை மணி. அந்தத் தேர்வு உங்கள் கணினியின் நேர மண்டலத்தை நம்பியே கணக்குப் போடுகிறது என்பதால், கணினி இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிஃப்டூல் மாற்றம் செய்யும்போது பழைய ஃபைலை, பெயருக்குப் பின்னால் ஒரிஜினல் என்ற வால் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். இடம் போகிறதே என்று முதல் நாளே அதை அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஃபைலை மட்டும் திருத்தி, விண்டோஸில் ஃபைலின் பண்புகளில் உள்ள மீடியா உருவான நேரத்தைப் பாருங்கள். அது யூடிசியை உள்ளூர் நேரமாக்கிக் காட்டும். பானை பொங்கிய நேரம் 6.42 என்று அங்கே தெரிந்தால் மீதி 300 ஃபைல்களுக்கும் ஓட்டலாம். ஒரே கட்டளையை மறந்துபோய் இரண்டு தடவை ஓட்டுவதும் நடக்கும். அதனால் திருத்தியவற்றை உடனே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. அவசரப்பட்டு "இன்னும் சரியில்லையே" என்று மேலும் 5.30 கழித்த ஃபைல்களை மீட்பது மூலத்தைத் திருத்துவதை விடச் சிரமம்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருளை வைத்தும் செய்யலாம். படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுத்து, கிரியேஷன் டைம் மட்டும் புதிதாகக் கொடுக்கலாம், தரம் குறையாது. யூடிசி நேரத்தை, கடைசியில் யூடிசி என்று குறிக்கும் இசட் எழுத்தோடு கொடுக்க வேண்டும். ஆனால் அது ஃபைலைப் புதிதாகக் கட்டுவதால் ஐஃபோனின் ஏழாவது நேரமும், எடுத்த இடத்தின் குறிப்பும், கேமரா போட்ட தனிக் குறிப்புகளும் தனியாகச் சொல்லாவிட்டால் உதிர்ந்துபோகும். எக்ஸிஃப்டூலால் முடிகிற இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். பழைய ஹேண்டிகேம்களின் எம்டிஎஸ் ஃபைல் என்றால் எக்ஸிஃப்டூல் உள்ளே இருக்கும் நேரத்தைப் படித்துச் சொல்லும், எழுதித் தராது. அவற்றுக்கு, நேரத்தைப் படித்து ஃபைல் பெயரிலேயே ஏற்றிவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

ஆண்ட்ராய்டு கைபேசி வீடியோக்களில் யூடிசி சரியாகவே இருக்கும், ஆனால் வேறொரு விசேஷம் உண்டு. அவற்றில் பல, பதிவு முடிந்து ஃபைலை மூடும்போதுதான் தலைப்பகுதியை எழுதுகின்றன. ஆகவே உள்ளே இருப்பது எடுக்கத் தொடங்கிய நேரம் இல்லை, நிறுத்திய நேரம். பத்து விநாடி கிளிப்பில் இது தெரியாது. நாற்பது நிமிட நாட்டியத்தைக் கைபேசியில் முழுதாக எடுத்து, கேமரா கிளிப்களோடு அடுக்கும்போது நாற்பது நிமிடம் தள்ளி நிற்கும். வீடியோவின் நீளத்தைக் கழித்துவிட்டால் தொடக்க நேரம் கிடைக்கும். ஃபைல் பெயரில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டாலும் தெரியும்; பெரும்பாலான கைபேசிகள் பெயரில் தொடக்க நேரத்தை உள்ளூர் நேரமாக வைக்கும். பிக்சல் கைபேசி மட்டும் பெயரிலும் யூடிசியே வைக்கும். 011210 என்று பெயர் கொண்ட பிக்சல் ஃபைல் நள்ளிரவுக்குப் பின் எடுத்தது என்று நினைக்க வேண்டாம்; அது நம் 6.42.10.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் தேடிப் பயனில்லை. அனுப்பும்போதே அது வீடியோவை மறுபடி சுருக்கி எழுதுகிறது, படம்பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். ஆண்ட்ராய்டில் பெயரில் தெரியும் தேதி வந்து சேர்ந்த தேதி, பின்னால் வரும் எண் வெறும் வரிசை எண். எடுத்தவரிடமே கேட்டு, வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூல ஃபைல் அப்படியே வரும். அதேபோல் கூகுள் ஃபோட்டோஸில் தேதியை மாற்றினால் அங்கே மட்டும்தான் மாறும்; இறக்கிப் பார்த்தால் உள்ளே பழைய நேரமே இருக்கும். கூகுளில் உள்ளதையெல்லாம் இறக்கித் தரும் டேக்அவுட் மூலம் மொத்தமாக எடுத்தால் பக்கத்தில் ஜேசன் என்ற ஒரு குறிப்பு ஃபைல் வரும், நீங்கள் மாற்றிய நேரம் அதில் யூடிசியாக இருக்கும்.

பல கேமராக்கள் சேர்ந்து எடுக்கும் விழாக்களில் இந்த வேலையில் முக்கால்வாசியைத் தவிர்த்துவிடலாம். விழா தொடங்கும் முன் ஒவ்வொரு கேமராவும் ஒரே கைபேசியின் கடிகாரத்தை, நொடி முள் தெரியும்படி, மூன்று நொடி படம்பிடிக்கட்டும். கைபேசியில் 6.02.10, அந்த கிளிப்பின் உள்நேரம் 5.58.47 என்றால் அந்தக் கேமரா 3 நிமிடம் 23 நொடி பின்தங்கி ஓடுகிறது. அன்று முழுக்க எடுத்த எல்லா கிளிப்களுக்கும் அந்த 3.23 ஐக் கூட்டினால் போதும். கேமராவின் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு நொடி நழுவுவது சகஜம். போன மாதம் சரிசெய்தேன் என்பது கணக்கில் சேராது. ஊர் கேட்கும் இடத்தில் சென்னையோ டெல்லியோ கொல்கத்தாவோ, எது இருந்தாலும் +5:30 தானே என்று பார்த்து வைத்து, கோடைகால நேரத்தை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னது வீட்டு வீடியோவுக்கும் தொழிலுக்கும். சிசிடிவி பதிவுக்கு இதில் எதையுமே செய்யக் கூடாது. திருட்டு, விபத்து என்று பதிவைக் காவல் துறையிடம் கொடுக்கும் நிலை வந்தால், நேரம் பத்து நிமிடம் தவறாக இருந்தாலும் ஃபைலைத் தொடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு கொடுக்கும் சான்றிதழில், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். உள்ளே ஒரு நொடியைத் திருத்தினாலும் அந்த மதிப்பு முழுவதும் மாறிவிடும். அதற்குப் பதிலாக, டிவிஆரின், அதாவது சிசிடிவி பதிவுப் பெட்டியின், திரையும் கைபேசிக் கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு புகைப்படம் எடுத்து, டிவிஆர் இத்தனை நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

அதன் பிறகு டிவிஆரைச் சரிசெய்யலாம். கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டு நகராதீர்கள். பல டிவிஆர்கள் சீன நேர மண்டலமான +8 இல் வருகின்றன. கையால் நேரத்தை வைத்தாலும் அடுத்த முறை இணையத்தோடு ஒத்திசைக்கும்போது மறுபடி இரண்டரை மணி முன்னே தாவிவிடும். முதலில் மண்டலத்தை +5:30 ஆக்கி, பிறகு இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி ஒத்திசைவைப் போட்டு, அதற்கும் பிறகு நேரத்தைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்ததும் நேரம் பின்னுக்குப் போகிறது என்றால் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அது சிஆர்2032.

அந்த வாசகருக்கு இந்த விவரம் போய்ச் சேரும்படி கடிதத்தைப் பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அவர் ஏற்கெனவே ஃபைல் தேதிகளை மாற்றியிருந்தாலும் கவலையில்லை. உறைமேல் முத்திரை மட்டும்தான் மாறியிருக்கும், உள்ளே உள்ள எண்கள் பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
வீடியோ தொகுப்பாளர்கள் சிலர்,
மதுரை.